யார் வீட்டுக்காரர்?

தஞ்சாவூரில் வீடு தேடி அலைந்த மாதங்களில் நான் அதிகம் எதிர்கொண்ட கேள்வி, "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்பது. முதல் வீட்டில் அதைக் கேட்டபோது எனக்கு விளங்கவில்லை. கேட்டவர்தானே வீட்டுக்காரர்? அவருடைய மாடிப் போர்ஷனைப் பார்க்கத்தானே நான் போயிருந்தேன்? ஒரு நொடி விழித்துவிட்டு, "நீங்கதானே சார் வீட்டுக்காரர்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளிருந்து எட்டிப்பார்த்த அவர் மனைவி, "உங்க வீட்டுக்காரரைக் கேக்குறாங்கம்மா" என்று விளக்கினார்.

நம் மொழியில் வீட்டுக்கு உரிமையாளரும் கணவரும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கிறார்கள். இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கிறேன். இல்லாள் என்றால் இல்லத்தை ஆள்பவள் என்றும், அதற்கு ஆண்பாலாகத் தோன்றும் இல்லான் என்ற சொல்லுக்கு ஒன்றும் இல்லாதவன் என்பதே பொருள் என்றும் வகுப்பில் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். மனையிலிருந்து மனைவி வந்த கதையையும் சொல்லியிருக்கிறேன். வீட்டோடு இத்தனை பிணைக்கப்பட்ட பெண்ணால் தன் பெயரில் ஒரு வாடகை வீட்டை எடுக்க முடியவில்லை என்பது நாற்பத்து மூன்றாம் வயதில்தான் எனக்கு உறைத்தது.

அப்போது மணவாழ்க்கையிலிருந்து விலகி வந்திருந்தேன். பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்த வீடு ஊருக்கு வெளியே, மருத்துவக் கல்லூரிப் பக்கம் இருந்தது. சுற்றுச்சுவரும் பெரிய கேட்டும் உள்ள வீடு. மாலை ஏழு மணிக்குமேல் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. விலகி வந்தபின் எனக்கு ஊருக்கு நடுவில் வீடு வேண்டும் என்று தோன்றியது. மேல வீதி, தெற்கு வீதி, கீழ ராஜ வீதி, வடக்கு வீதி, அவற்றிலிருந்து பிரியும் சந்துகள். சரஸ்வதி மகால் நூலகத்துக்கு நடந்து போகலாம், பழைய பேருந்து நிலையத்துக்கும் நடந்து போகலாம். அதைவிட முக்கியமாக, அந்தத் தெருக்கள் லேசில் உறங்குவதில்லை. இரவு பத்து மணிக்கும் பால்கடையில் ஆள் இருக்கும், இட்லிக் கடையில் தட்டுச் சத்தம் கேட்கும். வைகாசியில் கருட சேவை, சித்திரையில் தேர். நூறு ஆண்டுகள் ஓடாமல் இருந்த பெரிய கோயில் தேர் 2015-இல் இந்த வீதிகளில் மீண்டும் ஓடியபோது, கூட்டத்தில் ஒருத்தியாக நானும் நின்றிருக்கிறேன். தனியாக இருக்கும் பெண்ணுக்குக் கேட்டைவிட ஜனசந்தடி பெரிய காவல் என்பது என் அனுபவம்.

பதினோரு வீடுகள் பார்த்தேன். பழைய வீடுகள், முற்றத்தை மூடிக் கான்கிரீட் போட்டு மூன்று போர்ஷனாகத் தடுத்தவை. ஒரு வீட்டில் எட்டு மாத அட்வான்ஸ் கேட்டார்கள், சரி என்றேன். அடுத்த நாள் புரோக்கர் போன் செய்து, "ஃபேமிலிக்குத்தான் தருவாங்களாம் மேடம்" என்றார். இன்னொரு வீட்டில், "அப்பாவைக் கூட்டிட்டு வாங்க, பேசிக்கலாம்" என்றார்கள். அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. "அண்ணன், தம்பி யாராவது?" என்றார்கள். மாதச் சம்பளமும் முனைவர் பட்டமும் உள்ள எனக்கு உத்தரவாதம் தர, பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் தம்பி பாபநாசத்திலிருந்து பஸ் ஏறி வரவேண்டியிருந்தது. அவனுக்கே வெட்கமாக இருந்தது. அப்படியும் அந்த வீடு கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு வீடுகளைப் பார்த்துவிட்டு அலுத்துப்போய்ப் பெரிய கோயிலுக்குள் போய் உட்கார்ந்தேன். மாணவியரைக் கல்வெட்டு பார்க்க ஆண்டுதோறும் அழைத்துவரும் இடம். அன்றுதான் ஒரு பழைய கல்வெட்டு எனக்கு வேறு மாதிரி நினைவுக்கு வந்தது.

முதலாம் இராசராசனின் 29-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014-இல், கோயிலுக்கென்று நியமிக்கப்பட்ட பணியாளர்களின் நீண்ட பட்டியல் அது. திருச்சுற்றுச் சுவரின் வெளிப்புறத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் ஹூல்ட்ஷ் பதிப்பித்திருக்கிறார். அதன் பெரும்பகுதி 400 பெண்களின் பெயர்கள். தளிச்சேரிப் பெண்டுகள் என்று கல்வெட்டு அவர்களைக் குறிக்கிறது. தளி என்றால் கோயில், சேரி என்றால் குடியிருப்பு. கோயிலுக்குப் பக்கத்தில் அவர்களுக்கென்றே தெருக்கள் அமைத்து, தெருவுக்கு இரண்டு சிறகு பிரித்து, வீட்டுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு என்று தொடங்கி, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று பட்டியல் போகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெண், அவள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், அவள் பெயர், அவளுக்குரிய பங்கு. திருவாரூர், திருவையாறு, பழையாறு, நாகப்பட்டினம் என்று பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறார்கள். சேரமங்கை, சோழகுலசுந்தரி, எடுத்தபாதம் என்பன அவர்களின் பெயர்கள். ஒருத்திக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்திலிருந்து ஆண்டுக்கு 100 கலம் நெல்.

மாணவியரிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் நெல்லின் அளவையும் நடனத்தையும்தான் பேசியிருக்கிறேன். முகவரியை நான் கவனித்ததே இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஊரில் 400 பெண்களுக்குத் தெருப் பெயரோடும் வீட்டு எண்ணோடும் முகவரி இருந்தது. அந்த முகவரியில் கணவர் பெயர் இல்லை. பெயருக்கு முன்னால் நக்கன் என்ற அடை வருகிறது. அது சிவனைக் குறிக்கும் சொல். இன்றைய படிவத்தில் 'த/பெ' என்று தந்தை பெயர் கேட்கும் இடத்தில் அன்று கடவுளின் பெயர் இருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். வெளியூரிலிருந்து தனியாக வந்து, நகரத்தின் நடுவில், சம்பளத்தோடு வீடு பெற்ற வேலைக்காரப் பெண்கள் அவர்கள். எனக்கு அன்று பொறாமையாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

பொறாமை அடங்கியபின் கல்வெட்டை மீண்டும் படித்தேன். பட்டியலின் பின்பகுதியில் ஆண்கள் வருகிறார்கள். நட்டுவம் செய்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு பங்கு; ஆடிய பெண்ணுக்கு ஒரு பங்கு. அதையடுத்து நிபந்தனை: பங்கு பெற்றவர் இறந்தாலோ வெளியூர் போய்விட்டாலோ, அவருக்கு அடுத்த முறையில் உள்ள உறவினர் அந்தக் காணியைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும், அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரைக் கொண்டு செய்விக்க வேண்டும். காணி என்பது வலுவான சொல், வழிவழியாக வரும் உரிமையைக் குறிப்பது. ஆனால் இந்தக் காணி பணியோடு கட்டப்பட்டிருந்தது. வீடு, நெல், பெயர் எல்லாம் ஆடும் கால்களுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டவை. அந்த 400 பேரில் எத்தனை பேர் திருவாரூரையும் பழையாற்றையும் விட்டு வர விரும்பினார்கள் என்று அரசாணை கேட்டிருக்காது. கோயில் மகளிர் குறித்து 2000-ஆம் ஆண்டு விரிவான நூல் எழுதிய லெஸ்லி ஓர், சோழர் காலக் கல்வெட்டுகளில் இப்பெண்கள் கொடையாளர்களாகவும் உடைமை உள்ளவர்களாகவும் தென்படுவதைக் காட்டுகிறார். அது உண்மை. அதற்காக அது ஒரு பொற்காலம் ஆகிவிடாது.

ஆகாது என்பதற்கு அதே கோயில் சுவர்களில் வேறு சாட்சியும் உண்டு. கோயிலுக்கு நெல் அளந்த ஊர்களைப் பட்டியலிடும் கல்வெட்டுகள், வரி நீக்கப்பட்ட இடங்களை ஊருக்கு ஊர் கழித்துக் காட்டுகின்றன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணச்சேரி, பறைச்சேரி என்று வரிசை போகிறது; சில ஊர்களில் தீண்டாச்சேரி என்றே வருகிறது. தளிச்சேரியில் ஒவ்வொரு வீட்டுக்கும் எண்ணும் பெயரும் இருந்தன. பறைச்சேரியில் வீட்டுக்கு எண் இல்லை, ஆளுக்குப் பெயர் இல்லை. மொத்தமும் ஒரு சொல். தளிச்சேரிப் பெண் பெற்ற 100 கலத்தை நாற்று நட்டுக் களை பறித்து விளைவித்த பெண்கள் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்திருக்க வேண்டும்.

இன்றைய நான்கு ராஜ வீதிகளும் தளிச்சேரித் தெருக்களும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இப்போதுள்ள அரண்மனையும் கோட்டையும் சுற்றியுள்ள வீதிகளும் 16-ஆம் நூற்றாண்டு முதல் நாயக்கர் காலத்திலும் பின்னர் மராட்டியர் காலத்திலும் உருவாகி வளர்ந்தவை. இந்தத் தஞ்சாவூரில் வீடு யாருடையது என்ற கேள்வியை ஒரு ராணியே நீதிமன்றம் வரை கொண்டுபோக நேர்ந்தது.

1799 உடன்படிக்கையோடு நாட்டின் நிர்வாகம் கும்பினியார் கைக்குப் போய்விட்டது. இரண்டாம் சரபோஜிக்குக் கோட்டையும் அதைச் சுற்றிய பகுதியும் மட்டும் எஞ்சின. அவர் மகன் இரண்டாம் சிவாஜி 1855 அக்டோபரில் ஆண் வாரிசின்றி இறந்தார். மறு ஆண்டு அக்டோபரில் கும்பினியின் அதிகாரியான ஃபோர்ப்ஸ் படையோடு அரண்மனைக்குள் நுழைந்து, சொத்துகளைப் பூட்டி முத்திரை வைத்தார். அரசு மட்டுமன்றி, இறந்தவரின் சொந்த உடைமைகளும் அதில் அடங்கின. மூத்த ராணி காமாட்சி பாய் சாகேப் சும்மா இருக்கவில்லை. சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். ஜான் புரூஸ் நார்ட்டன் அவருக்காக வாதாடினார். சென்னையில் ராணி வென்றார். கும்பினி லண்டனுக்கு மேல்முறையீடு செய்தது. 1859-இல் பிரிவி கவுன்சில், இது அரசின் செயல், இதை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. நடந்தது நியாயம் என்று அது சொல்லவில்லை. கேட்பதற்குத் தனக்கு அதிகாரம் இல்லை என்றது. இன்றும் சட்டக் கல்லூரிகளில் 'அரசின் செயல்' என்ற கோட்பாட்டுக்கு எடுத்துக்காட்டாக இந்த வழக்கைச் சொல்கிறார்கள். பெண்ணின் வழக்காக யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

1862-இல் அரசு இறங்கி வந்து சொத்தை விதவை ராணிகளுக்குத் திருப்பிக் கொடுத்தது. உரிமை என்பதற்காக அல்ல, கருணையாக. மூத்தவர் பொறுப்பில், எல்லோரும் அனுபவிக்க என்று ஏற்பாடு. விளைவு, இளைய ராணிகள் மூத்தவர்மேல் வழக்குப் போட்டார்கள். அரண்மனைப் பெண்களின் சண்டை என்று ஊர் இதைக் கதையாகப் பேசியிருக்கும். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. சாகும்வரை இருக்கலாம், ஆனால் உன்னுடையது அல்ல என்று ஒரே கூரையின் கீழ் பல பெண்களை உட்கார வைத்தால், அவர்கள் ஒருவரோடொருவர் மோதாமல் வேறு என்ன செய்வார்கள்? என் பாட்டியும் சின்னப் பாட்டியும் ஒரே வீட்டின் இரண்டு அடுப்படிகளில் முப்பது ஆண்டுகள் பேசாமல் இருந்ததும் இப்படித்தான்.

ராணிகளின் உரிமை கணவனோடு கட்டப்பட்டிருந்தது. தளிச்சேரிப் பெண்களின் உரிமை பணியோடு. அந்தப் பணிக்கட்டு அவிழ 915 ஆண்டுகள் ஆயின. கோயில் பணிக்காகத் தேவதாசிகள் வைத்திருந்த மானிய நிலங்களை, பணி என்ற நிபந்தனையிலிருந்து விடுவித்தது 1929-இல் சென்னை மாகாண அறநிலையச் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் வந்தது அது. பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்த 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தை எல்லோருக்கும் தெரியும்; 1929 அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. முதலில் நிலத்தை அவர்கள் பெயரில் உறுதிசெய்ய வேண்டும், பணியை விட்டால் நிலம் போய்விடும் என்ற அச்சம் இருக்கும்வரை யாரும் வெளியே வரமாட்டார்கள் என்ற கணக்கு அதில் இருந்தது. தேவதாசிக் குடும்பத்தில் பிறந்த சந்திரம்மாளின் மகளுக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

முத்துலட்சுமியை எதிர்த்து நின்றவர்களில் பெங்களூர் நாகரத்தினம்மாள் முக்கியமானவர். தேவதாசிகளின் சொத்துரிமையும் கலையும் பறிபோகும் என்பது அவர் தரப்பு. தான் சம்பாதித்த பொருளைச் செலவிட்டு, திருவையாற்றில் காவிரிக்கரையில் தியாகராஜரின் சமாதியைக் கோயிலாக எழுப்பியவர் அவர். 1925-இல் குடமுழுக்கு நடந்தது. ஆனால் ஆராதனையில் பாடுவதற்குப் பெண்களை ஆண்களின் கட்சிகள் அனுமதிக்கவில்லை. 1927-இல் அவர் பெண்களைத் திரட்டித் தனி ஆராதனை நடத்தினார். கட்சிகள் ஒன்றாகி, பெண்களும் சேர்ந்து பாட 1940-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவரே வாசலில் நின்ற கதை இது. முத்துலட்சுமி, நாகரத்தினம்மாள் இருவரில் யார் சரி என்று ஒவ்வொரு ஆண்டும் மாணவியர் கேட்பார்கள். இருவருமே பெண்ணின் காலடியில் அவளுக்கென்று மண் வேண்டும் என்பதில் ஒன்றுபட்டவர்கள் என்று சொல்வேன்.

1947-க்குப் பிறகு ஒன்று நடந்தது. கணவன் பெயரில்லாமல் நகரத்தின் நடுவில் வீடு வைத்திருந்த ஒரே வகைப் பெண்கள் ஒழிக்கப்பட வேண்டியவர்கள் என்றானபின், தனியாக வீடு வைத்திருக்கும் எந்தப் பெண்ணும் அவர்களின் நிழலாகவே பார்க்கப்பட்டாள். ஒழிந்தது வழக்கம், ஒழியாதது சந்தேகம். 'ஃபேமிலிக்கு மட்டும்' என்று வாசலில் தொங்கும் அட்டைக்குப் பின்னால் அந்தச் சந்தேகம்தான் இருக்கிறது. என்னிடம், "ராத்திரி யாரும் வருவாங்களா?" என்று கேட்ட அம்மாவுக்கு 1947 தெரியாது. ஆனாலும் அந்தக் கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

இதுவரை எழுதியதில் நான் பாதிக்கப்பட்டவள். இனி எழுதப்போவது அப்படி இல்லை.

பதினோரு வீடுகளில் ஏழில், சுற்றி வளைத்தோ நேராகவோ, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள். "சைவமா?" என்று தொடங்குவது வழக்கம். நான் பதில் சொன்னதும் சில முகங்கள் இளகின. வீடு தரவில்லை, ஆனால் உட்காரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள். அதே கோடையில் என்னோடு பணியாற்றும் இளைய ஆசிரியை ஒருவரும் வீடு தேடினார். அவருக்குக் கணவர் உண்டு, குழந்தை உண்டு, ஃபேமிலி என்ற அட்டைக்குப் பொருத்தமானவர். அவர் தலித். எனக்குக் காபி கொடுத்த வீடு ஒன்றில் அவரிடம், போர்ஷன் நேற்றே முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். அந்தப் போர்ஷன் அடுத்த மாதமும் காலியாகவே இருந்தது. "உங்களுக்கு வீட்டுக்காரர் இல்லைங்கறதுதான் பிரச்சினை அக்கா. எனக்கு எல்லாம் இருந்தும் பிரச்சினை" என்றார். தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது என்றெல்லாம் சொல்கிறது. எந்தக் காரணத்துக்காக ஒருவருக்கு வீடு மறுக்கக் கூடாது என்று அது பேசுவதில்லை.

எனக்கு அப்போது எங்கள் ஊர்க் கொல்லை நினைவுக்கு வந்தது. பாபநாசம் பக்கத்தில் தாத்தாவுக்குச் சில ஏக்கர் நஞ்சை இருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நான்கு குடிசைகள். "நம்ம எடத்துலதான் இருக்காங்க" என்று பாட்டி சொல்வாள். அந்தச் சொல்லில் இருந்த மிரட்டல் சிறுமியாக இருந்தபோது எனக்குக் கேட்கவில்லை. கூலி கேட்டால், கூப்பிட்ட வேலைக்கு வராவிட்டால், கொடி ஏற்றினால், குடிசையைப் பிரி என்று சொல்லிவிடலாம். டெல்டாவின் பண்ணையார்கள் பல தலைமுறைகளாகக் கையில் வைத்திருந்த சாவி அதுதான். பண்ணையாட்களை நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி 1952-இல் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கம் சேர்ந்தவர்களின் தெருவில், ஒரு குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வீடு என்று ஓடி ஒளிந்த இடத்திலேயே அவர்கள் செத்தார்கள். 1971-இல் குடியிருப்பு மனைகளைக் குடியிருப்பவர்க்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது. எங்கள் கொல்லைக்கு அப்பாலிருந்த நான்கு குடிசைகளும் அப்படித்தான் எங்களுடையவை அல்லாமல் போயின. பாட்டி சாகும்வரை அதைச் சொல்லிப் புலம்பினாள். அவளுக்கே அந்த வீட்டில் ஒரு செங்கல்லும் சொந்தமில்லை என்பது எங்கள் யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

1981-இல் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் லாஃப்டி என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலவுடைமையாளர்களிடம் பேசி நிலத்தை விலைக்கு வாங்கி, உழுத தலித் குடும்பங்களுக்குப் பதிவு செய்து கொடுத்தார்கள். பத்திரத்தைப் பெண்களின் பெயரில் எழுதினார்கள். ஆணின் பெயரில் இருந்தால் கள்ளுக்கும் கடனுக்கும் போய்விடும் என்ற நடைமுறை அறிவு அதில் இருந்திருக்கலாம். எப்படியாயினும், 1014-இல் ஒரு சொல்லுக்குள் அடைபட்டிருந்த சேரியின் பெண்களுக்குப் பெயரும் சர்வே எண்ணும் சேர்ந்து கிடைத்தன. யாருக்கும் ஆட வேண்டாம், யாருடைய மனைவியாகவும் இருக்க வேண்டாம்.

எனக்குப் பன்னிரண்டாவது வீடு கிடைத்தது. மேல வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப் போர்ஷன். வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயது இருக்கும், கணவர் இறந்துவிட்டார். "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று அவரும் கேட்டார். "பிரிஞ்சு வந்துட்டேம்மா" என்றேன். சற்றுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, "தண்ணி காலைல ஆறு மணிக்கு வரும். மோட்டார் நீங்கதான் போடணும், எனக்கு மாடி ஏற முடியாது" என்றார். அவ்வளவுதான். ஒப்பந்தம் எழுதும் நாளில்தான் தெரிந்தது, வீடு வெளிநாட்டில் இருக்கும் மகன் பெயரில் இருக்கிறது. கையெழுத்துப் போடும் உரிமை அம்மாவுக்கு இல்லை. முத்திரைத்தாளில் என் பெயருக்கு எதிரே 'க/பெ' என்று தட்டச்சர் அடித்து வைத்திருந்தார். அதை அடித்துவிட்டு 'த/பெ' என்று மாற்றி, இறந்துபோன அப்பாவின் பெயரை எழுதினேன். "என் பேரு எங்கேயும் வரலியே" என்று அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாட்சி என்ற இடத்தில் அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

இப்போது ஆண்டுதோறும் அந்தக் கல்வெட்டை நடத்தும்போது வகுப்பில் ஒரு பயிற்சி கொடுக்கிறேன். கல்வெட்டின் முறையில் உங்கள் முகவரியை எழுதுங்கள்: தெரு, எந்தச் சிறகு, எத்தனையாம் வீடு, எந்த ஊரிலிருந்து வந்தீர்கள், பெயர், உங்கள் பங்கு. அப்பா பெயரோ கணவர் பெயரோ வரக் கூடாது. தெருவும் சிறகும் விறுவிறுவென்று எழுதிவிடுவார்கள். பங்கு என்ற இடத்தில் பேனா நிற்கும். மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது என்று சொல்வேன். "சட்டம் இருக்கு மேடம், கேட்டா அண்ணன் வீட்டுக்கு வர முடியாதே" என்பார்கள். சிலர் விடுதி அறை எண்ணை எழுதுவார்கள். ஒருத்தி, "கல்யாணத்துக்கு அப்புறம் எழுதித் தரட்டுமா மேடம்?" என்று கேட்டாள்; வகுப்பே சிரித்தது, அவள் சிரிக்கவில்லை.

சென்ற ஆண்டு, நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவி எல்லோருக்கும் முன்னால் எழுதி முடித்தாள். வாங்கிப் பார்த்தேன். காலனித் தெரு, வடசிறகு, மூன்றாம் வீடு. பங்கு என்ற இடத்தில், பாட்டியின் பெயரில் ஒரு ஏக்கர், பாட்டிக்குப் பின் அம்மாவுக்கு, அம்மாவுக்குப் பின் தனக்கு என்று எழுதியிருந்தாள். அம்பத்திரண்டு பேர் இருந்த அந்த வகுப்பில் பெண் பெயரில் இருந்த நிலம் அது ஒன்றுதான். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள்.